நடுவே நிற்க ஓர் ஆள்

ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறது. கட்டடங்கள் எழும்புகின்றன. பேடண்ட் விண்ணப்பங்கள் குவிகின்றன. ஆனால் பல்கலைக்கழகத்தையும் தொழிற்சாலையையும் சேர்த்துவைக்கும் மனிதர்களைத் தயார் செய்யும் வேலை இன்னும் அரைகுறையாகவே இருக்கிறது.

புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 1985-86ல் டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். அங்கு பிறந்த சிசுக்களிடம் ரோட்டா வைரஸ் தொற்று இருந்தது. நாட்டில் ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகளை வயிற்றுப்போக்கால் கொன்றுவந்த வைரஸ் அது. ஆனால் இந்தச் சிசுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னாளில் அவர்களுக்குக் கடுமையான ரோட்டா நோய் வருவதும் குறைந்தது. குழந்தை மருத்துவர் மகராஜ் கிஷன் பானும் அவரது சகாக்களும் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 116ஈ என்று அதற்குப் பெயர். இயற்கையே பலவீனமாக்கிக் கையில் கொடுத்த தடுப்பு மருந்து.

அந்த வைரஸிலிருந்து தயாரான 'ரோட்டாவாக்' சொட்டு மருந்து 2015ல் அறிமுகமாயிற்று. 2016ல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இடம் பிடித்தது. இடையில் ஓடிப்போனது முப்பது ஆண்டுகள்.

தடுப்பு மருந்து என்றால் காலம் பிடிக்கத்தான் செய்யும். தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த இறுதிக்கட்டப் பரிசோதனையை அவசரமாக முடித்துவிட முடியாது. ஆனால் பரிசோதனைக்குக் கொண்டுபோக முதலில் மருந்து வேண்டும். அதைத் தயாரிக்கத் தொழிற்சாலை வேண்டும். வைரஸ் கிடைத்தபோது, அதைப் பின்னாளில் மருந்தாக்கிய ஹைதராபாதின் பாரத் பயோடெக் கம்பெனி பிறக்கவே இல்லை. அது தொடங்கியது 1996ல். எய்ம்ஸ், இந்திய அரசின் பயோடெக்னாலஜி துறை, அமெரிக்காவின் ஆராய்ச்சி அமைப்புகள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், 'பாத்' என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனம், பாரத் பயோடெக் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பலரை ஒரே மேஜையில் உட்காரவைத்து, விலகிப் போகாமல் ஆண்டுக்கணக்கில் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. ஒரு டோஸ் ஒரு டாலருக்குக் கிடைக்க வேண்டும் என்ற உறுதிமொழியும் அந்த மேஜையில்தான் பிறந்தது.

சேர்த்துப் பிடித்த கைகளில் முக்கியமானது எம்.கே. பானின் கை. அவர் டாக்டர், ஆராய்ச்சியாளர், 2004 முதல் 2012 வரை பயோடெக்னாலஜி துறையின் செயலர். மருத்துவமனையின் பேச்சும் அரசு அலுவலகத்தின் பேச்சும் கம்பெனியின் பேச்சும் அவருக்குப் புரிந்தன. 2020ல் அவர் காலமானார். அவர் செய்த அந்த நடுவர் வேலைக்கு அப்போது இந்தியாவில் பெயரும் இல்லை, படிப்பும் இல்லை. தற்செயலாக ஒரு மனிதர் கிடைத்தார், காரியம் நடந்தது. ஒரு தேசம் எத்தனை முறை தற்செயலை நம்பிக்கொண்டிருக்க முடியும்?

பணம் இருக்கிறது, பேச்சு இல்லை

மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2020-21ல் ஆராய்ச்சிக்காக இந்தியா செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். அதில் தனியார் தொழில் துறையின் பங்கு சுமார் 36 சதவீதம். உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு 9 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது, படித்த மூளைகள் நிறைந்த இடத்தில் ஆராய்ச்சிப் பணம் சொற்பம். கம்பெனிகளும் தாராளமாகக் கொட்டவில்லை.

இதைச் சரிசெய்ய அரசு அண்மைக்காலத்தில் பெரிய தொகைகளைப் பேசுகிறது. 2023ல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டம். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியே, பெரும்பாலும் தொழில் துறையிடமிருந்து வர வேண்டும். 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை 1 லட்சம் கோடி ரூபாய் மதிப்பில் இன்னொரு நிதித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆராய்ச்சியில் இறங்கும் தனியார் கம்பெனிகளுக்கு மிகக் குறைந்த வட்டியில் அல்லது வட்டியே இல்லாமல் நீண்டகாலக் கடன் கொடுப்பது இதன் முக்கிய நோக்கம்.

பேடண்டுகளுக்கும் குறைவில்லை. 2021ல் கல்வி நிறுவனங்களுக்கான பேடண்ட் கட்டணம் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. 2023-24ல் நாட்டில் தாக்கலான மொத்த விண்ணப்பங்கள் 92,000ஐத் தாண்டின. தரவரிசையில் மதிப்பெண் கிடைக்கும் என்பதால் கல்லூரிகள் போட்டிபோட்டுத் தாக்கல் செய்கின்றன. ஆனால் பேடண்ட் என்பது கதவில் மாட்டிய பெயர்ப்பலகை. கதவைத் தட்டி யாராவது வந்தால்தான் வியாபாரம்.

ஏன் யாரும் தட்டுவதில்லை? இரு தரப்புக்கும் திறமை இல்லை என்பதல்ல காரணம். இருவரும் வேறு வேறு காலண்டரில் வாழ்கிறார்கள். பேராசிரியருக்குச் செமஸ்டர், டாக்டர் பட்ட மாணவரின் நான்கைந்து ஆண்டுகள். கம்பெனி மேலாளருக்கு மூன்று மாதக் கணக்கு. பேராசிரியர் கண்டதை உடனே ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட வேண்டும். பதவி உயர்வு அதில் இருக்கிறது. கம்பெனிக்கோ ரகசியம் வேண்டும். விண்ணப்பம் போடுமுன் கட்டுரை வெளியானால் பேடண்ட் உரிமையே பறிபோகலாம். ஆய்வுக்கூடத்தில் கிராம் கணக்கில் வெற்றிபெற்றது தொழிற்சாலையில் டன் கணக்கில் தோற்கும். அந்த இடைவெளியைக் கடக்கும் செலவு தன்னுடையது அல்ல என்று இரு தரப்பும் நினைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சங்கடம் உண்டு. தொழிற்சாலைக்காரர் தன் உண்மையான பிரச்சினையை முதல் சந்திப்பில் சொல்லமாட்டார். சொன்னால் போட்டியாளருக்குப் போய்விடுமோ என்ற பயம். பேராசிரியரோ, கேட்காத பிரச்சினைக்குத் தன்னிடமுள்ள தீர்வை விளக்கிக்கொண்டிருப்பார். காபி சாப்பிட்டு, புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு பிரிவார்கள். அதோடு சரி.

வளையல் ஊரின் பாடம்

நடுவே நிற்கும் ஆள் என்ன செய்ய முடியும் என்பதைப் பார்க்க உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாதுக்குப் போக வேண்டும். கண்ணாடி வளையல்களின் ஊர். ஆக்ராவுக்குப் பக்கத்தில், தாஜ்மகாலைச் சுற்றிய பாதுகாப்பு வட்டாரத்துக்குள் வருகிறது. 1996 டிசம்பர் 30 அன்று சுப்ரீம் கோர்ட், இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகள் நிலக்கரியையும் கோக்கையும் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம் மாற வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு ஒரு நாளில் வந்தது. உலை ஒரு நாளில் மாறுமா? பல தலைமுறையாக நிலக்கரிக்கென்றே கட்டப்பட்ட உலைகள் அவை. கட்டும் மேஸ்திரிகளிடம் கைப்பழக்கம்தான் மூலதனம். பழைய உலையில் எரிவாயுக் குழாயைச் செருகினால் எரியும். ஆனால் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறி, எரிபொருள் செலவு முதலாளியின் கழுத்தைப் பிடிக்கும்.

டெரி என்று அறியப்படும் தில்லி ஆராய்ச்சி நிறுவனம், ஸ்விட்சர்லாந்து அரசின் வளர்ச்சி உதவி அமைப்பின் பணத்தோடும் வெளிநாட்டு நிபுணர்களின் துணையோடும் இங்கே இறங்கியது. எரிவாயுவுக்கென்றே புதிய உலையை வடிவமைத்தார்கள். வெளியேறும் புகையின் சூட்டைக் கொண்டு உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் அமைப்பு அதன் உயிர்நாடி. 2000ஐ ஒட்டி முதல் உலை எரியத் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் டஜன் கணக்கில் உலைகள் அந்த வடிவத்துக்கு மாறின.

டெரி பல்கலைக்கழகம் அல்ல; ஆனால் பாடம் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும். வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ரயிலேறியிருந்தால் அந்த உலை அறிக்கையிலேயே அணைந்திருக்கும். ஊரில் ஒருவரின் தொழிற்சாலையிலேயே உலையைக் கட்டி எரித்துக் காட்ட வேண்டியிருந்தது. எரிவாயுக் கணக்கை முதலாளிக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. கட்டுகிறவருக்கும் எரிக்கிறவருக்கும் புதுப் பழக்கம் சொல்லித்தர வேண்டியிருந்தது. விஞ்ஞானம் ஒரு பங்கு என்றால் இந்த நடமாட்டம் மூன்று பங்கு.

1990களின் பிற்பகுதியில் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பும் இதே பாதையில் நடந்தது. லூதியானா பின்னலாடை, ஜெய்ப்பூர் அச்சுத் துணி போன்ற சிறுதொழில் திரள்களில் வேலை செய்வதற்கென்று ஆட்களைப் பயிற்றுவித்தது. 'க்ளஸ்டர் டெவலப்மெண்ட் ஏஜெண்ட்' என்று பெயர். ஒரே ஊரில் ஒருவரையொருவர் நம்பாத நூறு முதலாளிகளைச் சேர்ந்து யோசிக்க வைப்பது அவர்களின் உத்தியோகம். பின்னாளில் மத்திய அரசின் சிறுதொழில் திரள் திட்டங்களுக்கு இந்த அனுபவம் உரமாயிற்று.

ஒரு கால் வகுப்பில், ஒரு கால் பட்டறையில்

பிரிட்டன் இதை 1975லேயே முறைப்படுத்திவிட்டது. 'டீச்சிங் கம்பெனி' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். டாக்டர்கள் பயிற்சி மருத்துவமனையில் நோயாளிகளிடையே கற்பது போல, பொறியாளர்கள் கம்பெனிக்குள்ளேயே கற்க வேண்டும் என்பது யோசனை. 2003ல் பெயர் மாறியது, யோசனை மாறவில்லை. இன்றும் நடக்கிறது.

விஷயம் எளிது. ஒரு கம்பெனிக்குத் தீர்க்க முடியாத ஒரு வேலை. ஒரு பல்கலைக்கழகத்தில் அதற்கான அறிவு. இரண்டுக்கும் நடுவே ஒரு இளம் பட்டதாரி. சம்பளம் பல்கலைக்கழகத்தின் பெயரில், உட்காருவது கம்பெனியில். ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை. சிறிய கம்பெனி என்றால் செலவில் மூன்றில் இரண்டு பங்கு வரை அரசு ஏற்கிறது. அந்தப் பட்டதாரியின் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அவர் சொந்த வளர்ச்சிக்கு, பயிற்சிக்கு. இதற்கு மேல், மொத்தக் கூட்டணியையும் கண்காணித்து வழிகாட்ட அனுபவமிக்க ஆலோசகர் ஒருவர் உண்டு. தவறான ஜோடி என்றால் ஆரம்பத்திலேயே 'வேண்டாம்' என்று சொல்ல ஓர் ஆள்.

இந்தியாவில் இந்த வேலையைச் சில இடங்கள் தம் வழியில் கற்றுக்கொண்டன. ஐ.ஐ.டி. டெல்லி 1992லேயே தொழில்நுட்பத்தை வெளியே கொண்டுபோகத் தனி அறக்கட்டளை அமைத்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 1990களில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, பழைய மாணவர்கள் நடத்திய மைடாஸ் கம்பெனியோடும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸோடும் சேர்ந்து 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. அங்கே கிடைத்த அனுபவம் 2010ல் திறந்த ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் விதியாகவே மாறியது. பூங்காவில் இடம் பிடிக்கும் கம்பெனி வாடகை கட்டினால் மட்டும் போதாது. மாணவர்களுக்கு வேலைப் பயிற்சி, பேராசிரியரோடு கூட்டுத் திட்டம் என்று ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து செய்யும் ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் கணக்கு உண்டு. அதை எட்டியாக வேண்டும்.

ஆள் தயாரிப்பில் துணிச்சலான முயற்சி ஒன்று தில்லியில் நடந்தது. 2007-08ல் பயோடெக்னாலஜி துறை, எய்ம்ஸ், ஐ.ஐ.டி. டெல்லி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து மருத்துவக் கருவிகளுக்கான பயோடிசைன் திட்டத்தைத் தொடங்கின. டாக்டர், இன்ஜினியர் என்று கலந்து குழு அமைப்பார்கள். கையில் எந்தத் தீர்வும் இல்லாமல் மருத்துவமனைக்குள் அனுப்புவார்கள். வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் நின்று பார்த்து, முதலில் தேவைகளின் பட்டியலை எழுத வேண்டும். எதைச் செய்யலாம், யார் வாங்குவார்கள், எந்த விலையில் என்று வடிகட்டிய பிறகுதான் கருவியை வரையவே அனுமதி. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கும் 'சோஹம்' கருவி இந்தப் பள்ளியின் பிள்ளை, 2017ல் அறிமுகமாயிற்று.

சான்றிதழ் போதுமா?

இப்போது பயிற்சிகளுக்குப் பஞ்சமில்லை. தொழில்நுட்பப் பரிமாற்ற வல்லுநர்களுக்கென்று சர்வதேசக் கூட்டமைப்பு வழங்கும் அங்கீகாரம் ஒன்று உண்டு. வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் அது கிடைக்காது; உண்மையாகவே செய்துமுடித்த வேலைகளையும் காட்ட வேண்டும். இந்தியாவின் தொழில்நுட்ப மேலாண்மைச் சங்கமும் அந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது. 2017ல் ஒப்புதல் பெற்ற தேசிய உயிர்மருந்து இயக்கத்தின் கீழ் பல நகரங்களில் வட்டாரப் பரிமாற்ற அலுவலகங்கள் வந்தன. தனியாக அலுவலகம் வைக்க வசதியில்லாத கல்லூரிகளுக்கும் சேர்த்து இவை வேலை செய்ய வேண்டும் என்பது நோக்கம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2018ல் தன் புத்தாக்கப் பிரிவைத் தொடங்கி, கல்லூரிதோறும் புத்தாக்கக் குழுக்களை அமைக்கச் செய்தது. அவற்றின் ஆசிரியர்களுக்கு 'இன்னொவேஷன் அம்பாசடர்' என்று ஆன்லைன் பயிற்சியும் தருகிறது.

எண்ணிக்கையில் இது பெரிய காரியம். ஆனால் நீச்சலைக் கரையில் உட்கார்ந்து கேட்டவர் எத்தனை பேர் தண்ணீரில் இறங்குகிறார்கள்? பல கல்லூரிகளில் இந்தப் பொறுப்பு ஒரு பேராசிரியருக்குக் கூடுதல் சுமை. வகுப்பு, விடைத்தாள், தரச்சான்றுக் குழு எல்லாம் முடிந்து மிஞ்சும் நேரத்தில் அவர் தொழிற்சாலையைத் தேட வேண்டும். பதவி உயர்வுக் கணக்கில் கட்டுரைக்கு உள்ள மதிப்பு, ஒரு பட்டறையின் பிரச்சினையைத் தீர்த்ததற்கு இல்லை. இதற்கென்றே ஆள் எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் திட்டக்கால ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் ஆளும் போய்விடுவார். அவர் போகும்போது கோப்புகள் தங்கும். முதலாளிகள் அவர்மேல் வைத்த நம்பிக்கை அவரோடு வாசல் தாண்டிவிடும்.

அளவுகோலும் கோணல். எத்தனை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, எத்தனை கருத்தரங்கு நடந்தது, எத்தனை விண்ணப்பம் போயிற்று என்று எண்ணுகிறார்கள். ஒப்பந்தம் போட்டு இரண்டாண்டு கழித்து அந்தக் கம்பெனி மீண்டும் கதவைத் தட்டியதா என்று கேட்பது அரிது. இணைப்பாளரின் தரத்துக்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது.

கற்றுத்தர வேண்டியது என்ன?

முதலாவது, கேட்பது. தொழிற்சாலையில் சில வாரங்கள் நின்று, முதலாளி சொல்வதையும் ஃபோர்மேன் சொல்லாததையும் கேட்பது. 'எரிபொருள் செலவு தாங்கவில்லை' என்பது புலம்பல். 'உலையின் வெப்பத்தில் எத்தனை பங்கு புகையோடு போகிறது' என்பது ஆராய்ச்சிக் கேள்வி. புலம்பலைக் கேள்வியாக மாற்றத் தெரிந்தவர்தான் இணைப்பாளர்.

இரண்டாவது, பேரம். ஏற்கெனவே யாரிடம் என்ன அறிவு இருந்தது, சேர்ந்து கண்டது யாருக்குச் சொந்தம், மாணவரின் ஆராய்ச்சிக் கட்டுரை எத்தனை மாதம் காத்திருக்கலாம், திட்டம் தோற்றால் யார் நஷ்டம் என்பவற்றை நட்பு முறியாமல் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துப் பயனில்லை. ஒருவர் பேராசிரியராகவும் ஒருவர் கம்பெனி வக்கீலாகவும் வேஷம் கட்டி மோதிப் பார்த்துத்தான் வரும்.

மூன்றாவது, மறுப்பது. ஆய்வுக்கூடத்தில் இல்லாத சரக்கை இருப்பதாகச் சொல்லாமலிருப்பது. ஒரு பொய் வாக்குறுதி, ஒரு தொழில் வட்டாரத்தின் கதவைப் பத்தாண்டுக்கு மூடிவிடும்.

நான்காவது, தங்கியிருப்பது. கல்யாணத் தரகர் தாலி கட்டியதும் கமிஷன் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். இந்த வேலையில் தாலி கட்டிய பிறகுதான் சிக்கலே ஆரம்பம்.

யாருக்கு அவசரம்?

பெரிய கம்பெனிகளுக்கு இந்த ஆள் இல்லாவிட்டாலும் பிழைப்பு ஓடும். சொந்த ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை விலைகொடுத்து வாங்கப் பணம் இருக்கிறது. ஐ.ஐ.டி.களுக்கும் பழைய மாணவர் தொடர்பு இருக்கிறது. வழியில்லாமல் நிற்பவர்கள் ராஜ்கோட்டின் டீசல் இன்ஜின் பட்டறைக்காரர், கான்பூரின் தோல் பதனிடுபவர், பக்கத்திலேயே இருக்கும் பெயர் தெரியாத இன்ஜினியரிங் கல்லூரி ஆகியோர்தான். புகை, கழிவுநீர், மின்சாரம், ஏற்றுமதித் தரம் என்று புதிய விதி ஒவ்வொன்றும் முதலில் இந்தச் சிறியவர்களைத்தான் அடிக்கிறது. ஃபிரோசாபாதுக்குக் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகாவது ஆள் வந்தார்கள். எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

1 லட்சம் கோடி ரூபாயை எப்படிச் செலவழிப்பது என்று தில்லியில் திட்டமிடுகிறார்கள். அதில் ஒரு சிறு துளி, இந்த மனிதர்களுக்கு நிரந்தரச் சம்பளமாக, பட்டறையில் கழியும் பயிற்சிக் காலமாக, பதவி உயர்வுள்ள உத்தியோகமாக மாற வேண்டும். பேராசிரியரை உருவாக்க நமக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மேலாளரை உருவாக்க ஐ.ஐ.எம். இருக்கிறது. இருவருக்கும் நடுவே நிற்பவரை மட்டும் இன்னமும் கூடுதல் பொறுப்பு என்ற ஒற்றை வரி ஆணையில் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.